நூற்பட்டியலில் எண்ணும் சொல்லும்: செட்டிநாட்டு வீட்டு நூல்களைப் பதிவு செய்யத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

செட்டிநாட்டு வீட்டில் ஒரு பித்தளைத் தவலையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால், கழுத்தோரத்தில் இரண்டு மூன்று எழுத்துகள் வெட்டியிருப்பது தெரியும். விலாசம் எனப்படும் இந்தக் குடும்ப எழுத்துகளை அறிந்தவருக்கு அவையே போதும். எந்த ஊர், எந்த வீடு, எந்தப் பங்காளி என்று சொல்லிவிடுவார். அறியாதவருக்கு அது வெறும் கீறல். நூலகப் பட்டியலில் வரும் எண்களும் ஏறத்தாழ இப்படித்தான். 245 என்றால் பழகியவர் கண்ணுக்குத் தலைப்பு தெரிகிறது, புதியவருக்கு இருநூற்று நாற்பத்தைந்து மட்டுமே தெரிகிறது.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்ற ஊர்களில் வீட்டு அலமாரிகளிலும் பெட்டகங்களிலும் கிடக்கும் பழைய நூல்களைக் கணினியில் ஏற்ற முன்வரும் இளைஞர்கள் முதல் நாளிலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இந்த எண்ணெல்லாம் எதுக்கு அண்ணே? தலைப்பு, ஆசிரியர்னு தமிழ்ல எழுதிட்டாப் போதாதா?" கேள்வி நியாயமானது. ஆனால், எண்ணா சொல்லா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் விஷயமல்ல இது. ஒரு பதிவில் மூன்று வகையான செய்திகள் கலந்திருக்கின்றன. நூலில் அச்சாகியிருப்பதை அப்படியே பெயர்த்து எழுதும் சொல் ஒன்று. நூலகம் தீர்மானித்து எல்லா இடத்திலும் ஒரே வடிவில் ஆளும் சொல் மற்றொன்று. மொழி, நாடு, ஆண்டு, வகை ஆகியவற்றைக் கணினிக்குச் சொல்லும் குறியீடு மூன்றாவது. புதியவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இம்மூன்றையும் குழப்பிக்கொள்வதால் வருபவை என்பது என் அனுபவம். ஆகவே ஒவ்வொரு படியிலும் "இது மூன்றில் எது?" என்று கேட்டுக்கொண்டே செல்வோம்.

கணினியைத் திறக்கும் முன்

நூலை மேசையில் வைத்து முகப்புப் பக்கத்தைத் திறவுங்கள். மேலட்டையைப் பார்த்து எழுதக் கூடாது. பழைய நூல்களின் அட்டை பிற்காலத்தில் மாற்றிக் கட்டப்பட்டதாக இருக்கலாம். ஒரு தாளில் முகப்புப் பக்கத்துச் சொற்களை, பழைய எழுத்துக்கூட்டலைத் திருத்தாமல், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். "இரங்கூன்" என்று அச்சாகியிருந்தால் "ரங்கூன்" ஆக்க வேண்டாம். உள்ளட்டையில் விலாச முத்திரை இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அது யார் வீட்டு நூல் என்பதற்கான சான்று, பின்னால் 561 என்ற புலத்தில் (புலம் என்பது பதிவில் ஒரு வகைச் செய்திக்குரிய எண்ணிட்ட இடம்) உடைமை வரலாறாக இடம்பெறும்.

கோஹா போன்ற நூலக மென்பொருள் உங்களிடம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நியூசிலாந்தில் உருவாகி 2000 ஆம் ஆண்டில் புழக்கத்துக்கு வந்த கோஹா, விலையின்றிக் கிடைக்கும் திறமூல மென்பொருள். அது இல்லாமல் எக்செல் தாளில் தொடங்குவோர் ஒவ்வொரு பத்தியின் தலையிலும் புல எண்ணையும் சொல்லையும் சேர்த்தே எழுதுங்கள்: "245 ஏ – தலைப்பு", "300 ஏ – பக்கங்கள்" என்றவாறு. இங்கே ஏ என்பது புலத்தின் உட்பிரிவான துணைப்புலத்தைக் குறிக்கும் எழுத்து. பின்னாளில் மார்க்எடிட் என்ற இலவசக் கருவியைக் கொண்டு அந்தத் தாளை முறையான நூலகப் பதிவுகளாக மாற்றும்போது, எந்தப் பத்தி எந்தப் புலத்துக்குச் செல்ல வேண்டும் என்று தலையைச் சொறிய வேண்டியிருக்காது. யுனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்வதை இன்றோடு விட்டுவிடுங்கள். அவற்றில் சேமித்த தமிழ், வேறு கணினியில் புரியாத குறிகளாகத்தான் தெரியும்.

புல எண்களுக்குள் ஓர் ஒழுங்கு

எண்கள் எங்கிருந்து வந்தன என்று ஒரு சொல். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஹென்ரியட் அவ்ரம் என்ற கணினி வல்லுநர் 1960களில் வடிவமைத்ததே மார்க் எனப்படும் பதிவு முறை. அமெரிக்காவும் கனடாவும் தனித்தனியே வளர்த்து வந்த வடிவங்கள் 1999 இல் இணைந்து மார்க் 21 ஆயின. இன்று நாம் கோஹாவில் காண்பது அதைத்தான்.

நூற்றுக்கணக்கான புலங்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஓர் ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால் போதும். முதல் இலக்கம் அந்தச் செய்தி பதிவில் என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்கிறது: 1 என்றால் முதன்மை ஆசிரியர், 2 என்றால் தலைப்பும் பதிப்பும் வெளியீடும், 3 என்றால் நூலின் உருவம், 4 என்றால் வரிசை, 5 என்றால் குறிப்பு, 6 என்றால் நூல் எதைப் பற்றியது, 7 என்றால் உடன் பங்காற்றியவர். ஆசிரியரும் பொருளும் வரும் 1, 6, 7 ஆகியவற்றில் கடைசி இரண்டு இலக்கங்கள் எந்த வகைப் பெயர் என்பதைச் சொல்கின்றன: 00 தனி மனிதர், 10 நிறுவனம், 11 மாநாடு. 6 இல் தொடங்குபவற்றில் 50 பொதுப் பொருளையும் 51 இடப்பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணதாசனை எடுத்துக்கொள்வோம், சிறுகூடல்பட்டியில் பிறந்தவர், நம் பக்கத்து அலமாரிகளில் அவர் இல்லாத அலமாரி அரிது. அவர் எழுதிய நூலில் அவர் பெயர் 100 இல் வரும். அவரைப் பற்றிப் பிறர் எழுதிய நூலில் அதே பெயர் 600 இல் வரும். வேறொருவர் நூலுக்கு அவர் அணிந்துரை எழுதியிருந்தால் 700 இல் வரும். சொல் மாறவில்லை, எண் மாறுகிறது. "கண்ணதாசன்" என்ற சொல்லை மட்டும் ஒரு பத்தியில் போட்டுவிட்டால், அவர் எழுதியவை எவை, அவரைப் பற்றியவை எவை என்று தேடுபவருக்குப் பிரித்துக் காட்ட வழியே இருக்காது. பள்ளிப் பிள்ளை ஒருவர் கண்ணதாசன் வரலாறு வேண்டும் என்று வந்து நிற்கும்போதுதான் இந்த இலக்கத்தின் அருமை புரியும்.

ஓர் எச்சரிக்கை. எண் உலகம் முழுவதற்கும் ஒன்றே என்று நம்பிவிடக் கூடாது. யூனிமார்க் என்ற மற்றொரு வடிவத்தில் தலைப்பு 200 இல் வரும்; நமக்கு உடன் பங்காற்றியவருக்குரிய 700, அங்கே முதன்மை ஆசிரியருக்கு உரியது. எந்தப் பட்டியலின் எண் என்பது தெரிந்தால்தான் எண்ணுக்குப் பொருள்.

ஆசிரியர் பெயர் இருமுறை வருவது ஏன்

"ஆசிரியர்" என்று சொல்லால் அடையாளமிட்ட இரண்டு இடங்கள் திரையில் இருக்கும். புதியவர்கள் இரண்டிலும் ஒரே வடிவத்தை ஒட்டிவிடுவார்கள். முதலாவது 245 இன் துணைப்புலம் சி. அங்கே முகப்புப் பக்கத்தில் உள்ளபடி, "மகிபாலன்பட்டி பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் அவர்கள்" என்று அச்சாகியிருந்தால் அடைமொழியோடு அப்படியே எழுத வேண்டும். இரண்டாவது 100. அங்கே நூலகம் தீர்மானித்த வடிவம் வரும்: "கதிரேசச் செட்டியார், மு.", அதன்பின் துணைப்புலம் டி-யில் 1881-1953. ஒரு நூலில் "பண்டிதமணி", இன்னொன்றில் "மகாமகோபாத்தியாய", மற்றொன்றில் வெறும் பெயர் என்று எப்படி அச்சாகியிருந்தாலும் 100 மாறாது. அதனால்தான் அவருடைய எல்லா நூல்களும் ஒரே இடத்தில் திரள்கின்றன.

நகரத்தார் பெயர்களில் தலைப்பெழுத்து ஒற்றை எழுத்தாக மட்டும் இருப்பதில்லை. ராய. சொ. என்று அறியப்பட்ட காரைக்குடித் தமிழறிஞரின் "ராய." போல, "ராம.", "சித.", "அரு.", "பழ." என்று ஈரெழுத்தும் மூவெழுத்தும் வரும். இவற்றைச் சுருக்காதீர்கள், "ராம." என்பதை "ரா." ஆக்கினால் வேறு வீட்டுப் பெயராகிவிடும். பெயர் முன்னா, தலைப்பெழுத்து முன்னா என்பதை நூலகம் ஒருமுறை தீர்மானித்து, விதிக் குறிப்பேட்டில் எழுதி, பின் அதையே பின்பற்ற வேண்டும். புனைபெயர்களுக்கும் இதே கவனம் தேவை. கண்ணதாசன் காரை முத்துப்புலவர், வணங்காமுடி என்ற பெயர்களிலும் எழுதியவர். சிறு நூலகமாயின் பெயர் ஆணைப்பதிவில் (ஒரு பெயரின் தீர்மானித்த வடிவத்தையும் மாற்று வடிவங்களையும் வைக்கும் தனிப் பதிவு; அங்கே 4 என்பது வரிசையல்ல, மாற்று வடிவம்) அந்தப் பெயர்களை 400 ஆம் புலத்தில் இட்டால், தேடுபவர் "கண்ணதாசன்" என்ற வடிவத்துக்கு வந்து சேர்வார். கடைசி இரு இலக்கங்கள் இங்கும் 00 ஆக இருப்பதைக் கவனியுங்கள்.

பெயருக்குரியவர் நூலை எழுதினாரா, பதிப்பித்தாரா, மொழிபெயர்த்தாரா என்ற உறவைத் துணைப்புலம் இ-யில் சொல்லாகவும், துணைப்புலம் 4 இல் மூன்றெழுத்துக் குறியீடாகவும் தரலாம். உரையாசிரியரைக் கொண்டுபோய் நூலாசிரியராகப் போட்டுவிடுவது தமிழ்ப் பட்டியல்களில் தீராத நோய். உரையெழுதியவருக்கும் குறியீடு உண்டு. குறியீட்டுப் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள்.

மொழி, நாடு

என் முதல் பட்டியலில் "மொழி" என்று ஒரு பத்தி வைத்திருந்தேன். ஆறு மாதத்துக்குப் பிறகு எண்ணிப் பார்த்தபோது, தமிழ் நூல்களுக்கு மட்டும் "தமிழ்", "தமிழ்மொழி", "த.", பின்னால் ஒரு வெற்றிடத்தோடு கூடிய "தமிழ் ", ஒரு "தமிழ", பதினைந்து காலிக் கட்டங்கள் என்று விதவிதமாக இருந்தன. கணினிக்கு இவை ஐந்து மொழிகள். குறியீடு வேண்டியது இங்கேதான். மார்க் 21 இல் 008 என்ற புலம் நாற்பது இடங்கள் கொண்டது. அதில் 35 முதல் 37 வரையுள்ள இடங்களில் தமிழுக்கு டி, ஏ, எம் என்ற மூன்று ஆங்கிலச் சிற்றெழுத்துகள் வரும். இடங்களைச் சுழியத்திலிருந்து எண்ண வேண்டும். ஒன்றிலிருந்து எண்ணுபவர் ஓரிடம் தள்ளி எழுதிவிடுவார். கோஹாவில் அந்தப் புலத்தின் அருகிலுள்ள சிறு குறியைத் தட்டினால் தேர்வுப் பட்டியல்களுடன் ஒரு படிவம் திறக்கும், அதைப் பயன்படுத்துங்கள். நீங்கள் தேர்வது சொல்; பதிவாவது குறியீடு.

15 முதல் 17 வரையுள்ள இடங்கள் வெளியீட்டு நாட்டுக்கு உரியவை. நம் பகுதிக்கு இது சுவையான இடம். செட்டிநாட்டார் பர்மா, இலங்கை, மலாயா, சிங்கப்பூர் என்று கொண்டுவிற்கச் சென்றதால், அங்கே அச்சான தமிழ் நூல்கள் நம் பெட்டகங்களில் கிடைக்கின்றன. பர்மா 1989 இல் மியான்மர் ஆயிற்று. சிலோன் என்று வழங்கிய நாடு 1972 இல் ஸ்ரீலங்கா ஆயிற்று. குறியீடுகளோ பழையபடியே இருக்கின்றன: பர்மாவுக்கு பி, ஆர், இலங்கைக்கு இன்றும் சிலோனின் முதலிரு எழுத்துகளான சி, இ. ஊர் பெயர் மாறினாலும் விலாசம் மாறாதது போல இது. ஆகவே வெளியீட்டு விவரத்துக்கான 264 இல் "இரங்கூன்" என்று அச்சானபடி எழுதுங்கள், 008 இல் நாட்டுக் குறியீட்டை இடுங்கள். பர்மாவில் அச்சான தமிழ் நூல்களை ஒருவர் தேடும்போது இரங்கூன், ரங்கூன், ரெங்கூன் ஆகிய மூன்றும் ஒன்றாக வந்துவிடும்.

ஆண்டு: அதிக நேரம் கேட்கும் படி

பழைய தமிழ் நூல்களில் ஆங்கில ஆண்டு இல்லாமல் தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருப்பது வழக்கம். பெயர் அழகானது, ஆனால் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவது. "பிரபவ" என்றால் 1867 ஆக இருக்கலாம், 1927 ஆக இருக்கலாம், 1987 ஆகவும் இருக்கலாம். சொல் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

முதலில் எந்தச் சுற்று என்று முடிவு செய்யுங்கள். விலை அணாவில் இருந்தால் நூல் பெரும்பாலும் 1957 ஏப்ரலில் தசம நாணயம் வந்ததற்கு முந்தையது. நயா பைசாவில் இருந்தால் பிந்தையது. "லை", "னை" போன்ற எழுத்துகள் துதிக்கை வைத்த பழைய வடிவில் இருந்தால், 1978 இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதற்கு முந்தைய அச்சாக இருக்க வாய்ப்பு மிகுதி. எழுத்து வடிவத்தை மட்டும் நம்பக் கூடாது. சில அச்சகங்கள் பழைய அச்செழுத்துகளைப் பின்னரும் பயன்படுத்தியிருக்கும். அச்சகத்தின் பெயரும், முன்னுரையில் குறிப்பிடப்படும் மனிதர்களின் காலமும் மீதியைச் சொல்லிவிடும்.

அடுத்து, தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்குவதால் பிரபவ என்பது 1927 ஏப்ரல் நடுவிலிருந்து 1928 ஏப்ரல் நடுவரை செல்லும். "பிரபவ வருடம் ஆவணி" என்றிருந்தால் 1927. "பிரபவ வருடம் மாசி" என்றிருந்தால் 1928. மார்கழி ஆங்கில ஆண்டு முடிவைத் தாண்டிச் செல்லும் மாதம் என்பதால், தேதியும் இருந்தால் மட்டுமே உறுதி சொல்லலாம். மாதமே இல்லையெனில் 264 இன் துணைப்புலம் சி-யில் "பிரபவ [1927 அல்லது 1928]" என்று எழுதுங்கள். சதுர அடைப்பு, உள்ளிருப்பது நாம் சேர்த்தது என்று படிப்பவருக்குச் சொல்லும். 008 இன் ஆறாம் இடத்தில், ஐயத்துக்குரிய ஆண்டு என்பதைக் குறிக்கும் க்யூ என்ற எழுத்தையும், தொடர்ந்து 1927, 1928 ஆகிய இரண்டு ஆண்டுகளையும் இடுங்கள். இப்போது படிப்பவர் "பிரபவ" என்று காண்பார். 1920க்கும் 1930க்கும் இடைப்பட்ட நூல்களைக் கேட்பவருக்கும் அதே நூல் கிடைக்கும்.

உருவ வகை

336, 337, 338 ஆகிய மூன்று புலங்கள் உள்ளடக்கம், அதைக் காணத் தேவையான கருவி, தாங்கி ஆகியவற்றைச் சொல்லும். அச்சு நூலுக்கு "உரை", "கருவி வேண்டாதது", "தொகுதி". நூலல்லாத பொருள்கள் இருந்தால் மட்டும், உதாரணமாக நுண்படச்சுருளோ இசைத்தட்டோ வந்தால் மட்டும், மாற்ற வேண்டியிருக்கும். கோஹாவின் படிவத்தில் இவற்றை முன்கூட்டியே நிரப்பி வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

வகைப்பாட்டு எண் போதாத இடம்

இதுவரை எண்ணுக்காக வாதாடினேன். இனி, எண் கைவிடும் இடம். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிடும் டூயி தசமப் பகுப்பில் தமிழ் இலக்கியம் 894.811, அதில் கவிதை 894.8111, நாடகம் 894.8112, புனைகதை 894.8113. அலமாரியில் நூலை வரிசைப்படுத்த இது போதும். ஆனால் செட்டிநாட்டுச் சமையல் நூல் ஒன்று வந்தால், 641.5 சமையல், 641.59 வட்டாரச் சமையல், 641.5954 இந்தியா, 641.595482 தமிழ்நாடு என்று எண் இறங்கி வந்து அங்கேயே நின்றுவிடும். கொங்குச் சமையலுக்கும் அதே எண்தான். "செட்டிநாடு" என்பதை 650 இலோ 651 இலோ சொல்லாகத் தந்தால்தான் அந்த நூலைத் தேடுபவர் கண்டடைவார்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன், வகைப்பாட்டு எண்ணின் ஒவ்வொரு கண்ணியையும் கடைசியிலிருந்து முதலுக்குச் சொல்லாகப் படித்துப் பொருள் தலைப்புகளை உருவாக்கும் சங்கிலி முறையை வகுத்தார். மேலே உள்ள எண்ணைத் தமிழ்நாடு, இந்தியா, வட்டாரச் சமையல், சமையல் என்று திருப்பிப் படித்துப் பாருங்கள். எண்ணிலிருந்து கிடைக்கும் சொற்கள் இவை. இவற்றுக்கு மேல் தேவையானதை மட்டும் நாம் சேர்த்தால் போதும். புதியவர்களுக்கு இதைவிடச் சிறந்த பயிற்சியை நான் அறியேன்.

இடப்பெயர்த் தலைப்புகளில் வரலாறு தலையிடும். காரைக்குடி 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அதன்பின் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயரிலான மாவட்டத்தில் இருந்து, இப்போது சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. புதுக்கோட்டைப் பக்கத்துச் செட்டிநாட்டு ஊர்கள் 1948 வரை சமஸ்தானத்திலும், பிறகு திருச்சி மாவட்டத்திலும், 1974 முதல் புதுக்கோட்டை மாவட்டத்திலும் உள்ளன. 651 இல் இன்றைய பெயரை ஆளுங்கள். பழைய பெயர்களை ஆணைப்பதிவின் 451 இல் இடுங்கள். நூலின் தலைப்பில் "இராமநாதபுரம் ஜில்லா" என்று இருந்தால் அது 245 இல் அப்படியே இருக்கட்டும்.

வீட்டுக்குள் இருக்கும் இடம்

நூல் எங்கே இருக்கிறது என்பதற்கு நீங்களே குறியீடு அமைக்க வேண்டும். "பட்டாலை அலமாரி" என்று ஒவ்வொரு பதிவிலும் எழுதாதீர்கள். 01, 02 என்று எண் வைத்து, கோஹாவின் அங்கீகரிக்கப்பட்ட மதிப்புகள் பகுதியில் 01 என்பதற்கு "பட்டாலை, கீழண்டைச் சுவர் அலமாரி" என்று விளக்கம் கொடுங்கள். திருமணத்துக்காக வீட்டை ஒழித்து அலமாரியை இரண்டாங்கட்டுக்கு நகர்த்தினால், ஒரே ஓர் இடத்தில் விளக்கத்தை மாற்றினால் போதும்; நானூறு பதிவுகளும் சரியாகிவிடும். குறியீட்டுக்குள் அறிவைத் திணிக்காதீர்கள். அறை, தட்டு, பொருள், வாங்கிய ஆண்டு ஆகிய அனைத்தையும் ஒரே எண்ணுக்குள் அடக்கிய அன்பர் ஒருவரை அறிவேன். அலமாரி நகர்ந்த அன்று அவருடைய எண்கள் அனைத்தும் பொய்யாயின.

சரிபார்ப்பு

சொல்லில் பிழை இருந்தால் கண்ணை உறுத்தும். எண்ணில் பிழை இருந்தால் அது அமைதியாக இருக்கும். 894.8113 என்பதில் கடைசி இலக்கம் 1 ஆகிவிட்டால் நாவல் கவிதை அலமாரிக்குப் போய் அங்கேயே தங்கிவிடும். 100 என்பது 110 ஆகிவிட்டால் மனிதர் நிறுவனமாகிவிடுவார். ஆகவே பதிந்த உடனே, வாசகர் காணும் திரையில் அந்தப் பதிவைத் திறந்து, சொற்களாகப் படியுங்கள். இருவர் இருந்தால் ஒருவர் நூலை வைத்துக்கொள்ள மற்றவர் உரக்கப் படிப்பது நல்லது. வாரம் ஒருமுறை, மொழி, நாடு, இடம் ஆகிய ஒவ்வொன்றிலும் வந்துள்ள மதிப்புகளை எண்ணிக்கையோடு பட்டியலிடுங்கள்; ஒன்றோ இரண்டோ முறை மட்டும் வந்தவற்றை முதலில் ஐயப்படுங்கள்.

கோஹாவில் புல எண்களை மறைக்கவும், விளக்கச் சொற்களை மறைக்கவும் தனித்தனி அமைப்புகள் உண்டு. எண்களைப் பார்த்து மிரள்பவர்கள் முதல் வேலையாக அவற்றை மறைத்துவிடுகிறார்கள். பயிலும் காலத்தில் இரண்டையும் திறந்தே வையுங்கள். விளக்கச் சொல் மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு மாறும். ஒரு திரையில் "பொறுப்புரை" என்றும், இன்னொன்றில் "ஆசிரியர் கூற்று" என்றும் இருக்கும். வெளியூர் நூலகர் ஒருவரிடம் தொலைபேசியில் ஐயம் கேட்கும்போது, "245 சி-யில் என்ன போடுவது?" என்று கேட்டால் அவர் உடனே புரிந்துகொள்வார். வாசகர் திரையில் மட்டும் எண் ஒன்றும் தெரிய வேண்டாம்.

முதல் நாளில் பத்து நூல்களுக்கு மேல் எடுக்காதீர்கள். அந்தப் பத்தில் தமிழ் ஆண்டு மட்டும் உள்ள நூல் ஒன்று, வெளிநாட்டில் அச்சானது ஒன்று, உரையுடன் கூடியது ஒன்று, சங்கமோ மடமோ வெளியிட்டது ஒன்று கட்டாயம் இருக்கட்டும். அவற்றில் எழும் ஒவ்வொரு ஐயத்துக்கும் எடுத்த முடிவை, தேதியிட்டு, ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி மேசையிலேயே வையுங்கள். பதினோராவது நூலை எடுப்பவர் நீங்களாக இல்லாமல் இருக்கலாம்.